சனம் வரட்டும், சத்தம் சரியாகும்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பாதையில் ஒரு தோட்டத்து மண்டபம். பின்னேரம் மூன்று மணி. ஸ்பீக்கர் பொக்ஸ்களை ஏற்றி, ட்ரம்ஸைப் பூட்டி, வயர்களை இழுத்து முடித்தாயிற்று. அன்றைக்குப் பாட வந்தவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகளைக் கேட்டுக் கிட்டாரைத் தூக்கிய தலைமுறை. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாஸ்டர் இன்னும் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. மேடை நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார்.

'டப்' என்றது. கொஞ்சம் பிந்திப் பின்சுவரும் 'டப்' என்றது. அப்புறம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீண்ட இழுவை.

"மாஸ்டர், சவுண்ட் கொழகொழன்னு இருக்கே" என்றான் மிக்ஸரில் இருந்த பையன்.

"சனம் வரட்டும் தம்பி, சரியாயிடும்."

இதை நான் முதலில் சமாளிப்புப் பேச்சு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி.

அந்த மண்டபம் ஏறத்தாழ 15 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் ஓடும். மேடையிலிருந்து பின்சுவருக்குப் போய்த் திரும்ப 30 மீட்டர், அதாவது 0.09 விநாடி. சுவரில் பட்டு வரும் ஒலி, நேரே வந்த ஒலிக்குப் பின் 0.03 விநாடிக்குள் காதுக்கு வந்துவிட்டால் மூளை அதைத் தனியாக எண்ணுவதில்லை. நேரே வந்த ஒலியோடு சேர்த்து, கொஞ்சம் கூடின சத்தமாக எடுத்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் இதை அளந்து காட்டினார். பக்கச் சுவர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அகப்படுவதால் அவை பாடகருக்கு உதவி. பின்சுவர் அப்படியில்லை. 0.09 விநாடி பிந்தி வருவது ஸ்னெயார் ட்ரம்மை இரண்டு தரம் அடித்த மாதிரிக் கேட்க வைக்கும்.

எதிர்மலைத் தோட்டத்து லயன் வீடுகளில் யாராவது விறகு பிளப்பதைப் பார்த்திருந்தால் இது புரியும். கோடரி கட்டையில் விழுவது முதலில் தெரியும், சத்தம் ஆறுதலாக வரும். மேடைக்கு நூறு மீட்டர் தள்ளி நிற்கிற ஒரு பெரிய மைதானக் கச்சேரியிலும் அதே கதைதான். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு நடக்கும் திறந்தவெளிக் கச்சேரிகளில் தூரத்தில் நின்றவர்கள் ட்ரம்ஸ்காரரின் கையும் சத்தமும் சேராமல் போவதைக் கண்டிருப்பார்கள். சின்ன மண்டபத்தில் கடைசி வாங்கில் இருப்பவருக்குக்கூட அந்தப் பிந்தல் 0.05 விநாடிக்குள்தான். கை, கம்பி, சத்தம் மூன்றும் ஒன்றாக இருக்கும். அதனால்தான் நான் மைதானத்தை விட்டு மண்டபத்துக்குப் போகிறவன்.

சரி, அந்த இழுவைக்கு வருவோம். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் ஒரு புதிய விரிவுரை மண்டபம் யாருக்கும் பிரயோசனமில்லாமல் கிடந்தது. பேசிய சொல் ஐந்தரை விநாடி வரை கேட்டுக்கொண்டே இருந்ததாம். இதைத் திருத்தித் தா என்று வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒரு ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை நேரம் அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டார். அப்படிப் பாடுபட்டதில் வந்ததுதான் இன்றைக்கும் பாவிக்கிற சூத்திரம்: மண்டபத்தின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் கிடைக்கும்.

நம் மண்டபத்தின் கனஅளவு 675 கனமீட்டர். கொன்கிரீட் தரை, பூசிய சுவர், தகரம் எல்லாம் சேர்ந்து, ஒலியை முழுதாக விழுங்கும் 40 சதுர மீட்டர் பரப்புக்குச் சமமாக உறிஞ்சும் என்று வைத்தால், முழக்கம் 2.7 விநாடி. கோயிலில் சங்கு ஊதினால் நன்றாக இருக்கும், பாட்டுக்கு ஆகாது. இப்போது சனத்தை உள்ளே விடுங்கள். சுவெட்டரும் சால்வையும் போட்ட ஓர் ஆள் அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, 0.45 என்று வையுங்கள், உறிஞ்சுவார். 180 பேருக்கு 81. மொத்தம் 121. முழக்கம் 0.9 விநாடிக்கு இறங்கிவிட்டது. ஹட்டன் குளிருக்குப் போட்ட சுவெட்டர்கள் செய்த வேலை இது. ஒரு ரூபாய் செலவில்லை.

பின்சுவருக்கு மட்டும் சனம் போதாது. மாஸ்டர் வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பழைய கம்பளிகளை வாங்கிவரச் சொல்லி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டார். சுவரோடு ஒட்டினால் பாதிப் பலன்தான். சுவரைத் தொடும் இடத்தில் காற்று அசையாது. கொஞ்சம் தள்ளித்தான் அது முன்னும் பின்னும் ஓடும். ஓடுகிற காற்றைத்தான் கம்பளியின் நூல் பிடித்து உரசி, அதன் சக்தியைச் சூடாக்கி விழுங்க முடியும். சபைனுக்கு மெத்தை, நமக்குக் கம்பளி.

பேஸ் கிட்டாரின் கதை வேறு. அதன் தடித்த கம்பி 41 ஹேட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். கம்பளியும் சுவெட்டரும் அதற்கு ஒரு தடையே இல்லை. சுவருக்கும் சுவருக்கும் நடுவே அது நகராமல் நின்று அதிரும், சில இடங்களில் திரண்டும் சில இடங்களில் வற்றியும். பேஸ் நெஞ்சை இடிக்கிறது என்றால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

இரவு ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்தது. சும்மா இருக்கிற ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாற் சூடு விடுகிறார். 180 பேர் என்றால் 18 கிலோவாற். மேடையில் விளக்குகள் வேறு. மூன்றாவது பாட்டில் மாஸ்டரின் விரல் தானாகவே மூன்றாம் கம்பியின் முறுக்காணிக்குப் போயிற்று. ஏன் மூன்றாம் கம்பி?

உருக்குக் கம்பி சூடானால் நீளும், நீண்டால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். கிட்டாரின் மரக்கழுத்து நீளவாட்டில் அவ்வளவாக நீளாது, ஆகவே இழப்பு முழுவதும் கம்பிக்கு. ஆனால் எல்லாக் கம்பிக்கும் ஒரே அளவு இல்லை. முதல் கம்பி மெல்லியது, பயங்கரமாக இழுத்துக் கட்டியது. 10 பாகை சூடேறினாலும் ஒரு வீதத்துக்குக் குறைவாகத்தான் இறங்கும். மூன்றாம் கம்பி அதைவிடத் தடித்த வெறும் உருக்கு. இழுவிசை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், தடிப்பால் இது கொஞ்சமாகத்தான் நீண்டு நிற்கிறது. ஏற்கனவே கொஞ்சமாக நீண்ட கம்பியில் சூடு கொடுக்கும் நீட்சி பெரிய பங்காகிவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் வழக்கமாகப் போடும் கம்பிகளுக்குக் கணக்குப் பார்த்தால், 196 ஹேட்ஸில் இருந்தது 191க்குக் கிட்ட வரும். அரைச் சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. சாதாரணக் காதுக்கே உறுத்தும்.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் நின்ற சக்ஸபோனுக்கு எதிர்த் திசை. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும், அதனால் குழல் வாத்தியத்தின் சுருதி ஏறும். கிட்டார் இறங்க, சக்ஸ் ஏற, நடுவில் பாடகர். காமன் கூத்தில் தப்புக்காரர்கள் தோலை அனலில் காட்டிக் காட்டி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரலாம்: அங்கே சூடு காட்டினால் சுருதி ஏறுகிறதே? தோல் பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்திருக்கும். நெருப்பு அந்த ஈரத்தை எடுத்துவிட, தோல் இறுகுகிறது. சூடு ஒன்றுதான், வேலை வேறு.

கூக்குரல் இல்லாமல் கச்சேரி உண்டா? ஐந்தாவது பாட்டில் மைக் 'கீ' என்று அலறியது. பொக்ஸிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி பொக்ஸில் வந்து, மறுபடி மைக்குக்குள். ஒரு சுற்றில் இழப்பதைவிடப் பெருகுவது கூடினால், அந்தச் சுற்றுக்கு ஒத்துவரும் ஒரே ஒரு அதிர்வெண் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடும். காரணம், கோரஸ் பாடிய பையன் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்திருந்தான். பாடகர்களின் மைக் முன்னால் வருவதைக் கேட்டு, பின்னால் வருவதைத் தள்ளிவிடும்படி செய்தது. அதற்குத்தான் தலைக்குப் பின்புறத்தில் துளைகள் விட்டிருக்கிறார்கள். அதைப் பொத்தினால் மைக் நாலா பக்கமும் கேட்கும், பாடகருக்குக் கேட்கவென்று காலடியில் வைத்த மொனிட்டர் பொக்ஸையும் சேர்த்து. பார்க்க ஸ்டைல்தான், என்ன செய்ய. மாஸ்டர் பாட்டை நிறுத்தாமலே அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். சும்மா கிடந்த இரண்டு மைக்குகளையும் மூடச் சொல்லிச் சைகை காட்டினார். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், அலறாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபெல் குறையும்.

அவருடைய சத்தமே குறைவுதான். சின்ன மண்டபத்தில் மிக்ஸரால் குறைக்க முடியாத ஒரே சாமான் ட்ரம்ஸ். அது எவ்வளவு முழங்குகிறதோ, குரல் அதற்கு மேல் ஏற வேண்டும், கிட்டார் அதற்குப் பக்கத்தில், எல்லாம் ஏறி ஏறிக் கடைசியில் காது அடைக்கும். ஆகவே ஸ்னெயாரின் மேல் பாதிக்கு ஒரு துவாயைப் போட்டிருந்தார்கள். குரல் மென்மையான இடங்களில் மைக்கை உதட்டுக்குக் கிட்டக் கொண்டுவருவார். கிட்ட வந்தால் அந்த வகை மைக் அடிச்சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், வயதான குரலுக்கு அது நல்ல போர்வை. உச்சத்தில் ஒரு சாண் விலக்குவார். மிக்ஸரில் இருந்த பையனுக்கு அன்றைக்குப் பெரிய வேலை இருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மழை இறங்கியது. தகரக் கூரையில் மழை என்றால் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே நேரத்தில் இரைச்சல். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது 2,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையுள்ள மெலிந்த சத்தம். முதலில் அதுதான் முழுகும். 'கல்' எது 'பல்' எது என்று யாருக்கும் விளங்காது. பையன் குரலை ஏற்றப் பார்த்தான், மைக் மறுபடி முனகியது. மாஸ்டர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். எடுத்த சோகப் பாட்டை இரண்டு வரியோடு விட்டுவிட்டு, ட்ரம்ஸ்காரரைப் பார்த்து விரலால் ஆறெட்டுத் தாளம் காட்டினார். பைலா அடியும் பேஸும் மழைக்குள்ளாலே நன்றாக வந்தன. வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆடத் தொடங்கினார்கள். மழை விட முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. அதுவரை அவர் ஒரு சொல்லும் பாடவில்லை.