ஹெட்டரோஸ்பியர்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

தென்னாப்பிரிக்காவுல ஹெர்மானஸ் விண்வெளி வானிலை சென்டர்லேர்ந்து காந்தப்புயல் (சூரியனால பூமியோட காந்தப்புலம் கலங்குறது) எச்சரிக்கை வந்தா, டர்பன்ல ரேடியோ பைத்தியம் பிடிச்ச நம்மாளுங்க "அட்மாஸ்ஃபியர் கெட்டுப்போச்சு"ன்னு மொத்தமா சொல்லிடுறாங்க. கெட்டுப்போறது மொத்தமும் இல்லீங்க, மேல் பாகம் மட்டும்தான், அதுக்குப் பேரு ஹெட்டரோஸ்பியர்.

கிரேக்கத்துல ஹெட்டரோஸ்னா வேறான, ஸ்ஃபைரான்னா உருண்டை. ஜோடிச்சொல் ஹோமோஸ்பியர், அதாவது ஒரே மாதிரி இருக்கிறது. தரையிலேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர் வரைக்கும் காத்து ஓயாம கலங்கிக்கிட்டே இருக்கு, அதனால டர்பன் பீச்சுல நின்னாலும் டிராக்கன்ஸ்பெர்க் மலை உச்சிக்குப் போனாலும் ஈரத்தைத் தள்ளிட்டுப் பாத்தா நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 சதவீதம்தான் (மலையில மூச்சு வாங்குறது காத்து மெலிசாகுறதால, கலவை மாறுறதால இல்ல). அந்த எல்லை டர்போபாஸ். அதைத் தாண்டினா கலக்கிவிட ஆளில்ல, ஒவ்வொரு வாயுவும் அதது எடைக்கேத்த மாதிரி பிரிஞ்சுடுது.

மேல்காத்துக்குக் கணித மாடல் போடுறவங்க இதைத்தான் கணக்காக்குறாங்க. எந்த வாயுவா இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட உயரம் ஏறினா அடர்த்தி சுமார் 37 சதவீதத்துக்கு இறங்கும், அந்த உயரம் வெப்பம் கூடினா கூடும், எடை கூடினா குறையும். 300 கிலோமீட்டர்ல 1000 கெல்வின் வெப்பம்னு வச்சுக்கிட்டா எடை 28 உள்ள நைட்ரஜனுக்கு அது சுமார் 33 கிலோமீட்டர், எடை 16 உள்ள ஒத்தை ஆக்சிஜன் அணுவுக்கு 58. அதான் 200 கிலோமீட்டருக்கு மேல ஒத்தை ஆக்சிஜன் ராஜ்ஜியம், அப்புறம் ஹீலியம், கடைசியில ஹைட்ரஜன். எம்சிஸ்னு ஒரு மாடல் இருக்கு, தேதி, நேரம், இடம், உயரம், 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்துல சூரியன்லேர்ந்து வர்ற ரேடியோ அளவு, பூமியோட காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு காட்டுற காந்தக் குறியீடு எல்லாம் குடுத்தா எந்த வாயு எவ்வளவுன்னு சொல்லிடும்.

சரி, தமிழ்ல? பாடப்புத்தகத்துல கலவைக்குச் சொல்ற 'பலபடித்தான'வை இழுத்துட்டு வந்து பலபடி மண்டலம்னு வைக்கலாம். எனக்குப் பிடிக்கல, பிரியுறதுங்கிற விஷயமே அதுல விழல. வினைத்தொகையா கீழே இருக்கிறதை கலவளி மண்டலம், மேல இருக்கிறதை பிரிவளி மண்டலம்னு சொன்னா நடக்கிற வேலையே பேராயிடுது.

காந்தப்புயல்ல துருவப்பக்கம் சூடேறி நைட்ரஜன் அதிகமான காத்து மேல கிளம்பும், ஆக்சிஜன் விகிதம் சரியும், ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புற அயனிகள் சீக்கிரம் அழிஞ்சிடும், 20 மீட்டர் பேண்டு மாதிரி சிற்றலை சிக்னல் தேயும். அன்னிக்கு இப்படிச் சொல்லிப் பாருங்க: "பிரிவளியில நைட்ரஜன் ஏறிடுச்சுப்பா, 20 மீட்டர் பேண்டு படுத்துருச்சு."