கூரையை அறுத்தால் பிக்அப் ஆகாது

போன மாசம் சென்னை பாடியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு ஜீப் வந்தது. (எந்தக் கம்பெனி ஃபோர் வீல் டிரைவாக இருந்தாலும் நம் ஊரில் அது ஜீப்தான்.) “லோடு ஏத்தினா ஸ்டீயரிங் மிதக்குதுண்ணே, எண்பதுல பயமா இருக்கு” என்றார் ஓனர். ஐ.டி. வேலை. மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. சனிக்கிழமையானால் புண்ணாக்கு மூட்டையோடு கிளம்பிவிடுவார்.

வண்டியின் பின்பாதிக் கூண்டை யாரோ கேஸ் கட்டரால் அறுத்து எடுத்துவிட்டு, இரும்புத் தகட்டில் திறந்த தொட்டி கட்டி பிக்அப் ஆக்கியிருந்தார்கள். தொட்டி சேஸிஸைவிட (வண்டியின் அடிச்சட்டம்) நீளம். அதனால் பின்னால் ஒன்றரை அடிக்கு சி-சேனல் இரும்பு வைத்து வெல்டு அடித்து சேஸிஸையே நீட்டிவிட்டிருந்தார்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தது. கீழே படுத்துத் துணியால் துடைத்துப் பார்த்தேன். வெல்டு முடியும் இடத்தில், காய்ந்த வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி துருக்கோடு ஒன்று. நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. விரிசல்.

ஸ்டீயரிங் ஏன் மிதக்கிறது என்பதைச் சாக்பீஸில் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், 2.4 மீட்டர். பத்து மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, ஆக 500 கிலோ. அந்தப் பாரத்தின் மையம் பின் அச்சுக்குப் பின்னால் 40 சென்டிமீட்டரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சில் ஏறுவது 500 இல்லை, 583 கிலோ. மிச்ச 83 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டது. ஏற்ற இறக்கப் பலகையில் தடியான ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்த கதைதான். முன் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காமல் ஸ்டீயரிங் எப்படிப் பேச்சுக் கேட்கும்?

அப்போது அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். “கம்பெனிக்காரனே பிக்அப்பா பண்ணிக் குடுத்தா நான் ஏண்ணே லோக்கல்ல அறுக்கப் போறேன்?”

நியாயமான கேள்வி. பண்ணித் தரவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பின்பாதியைப் புதிதாக யோசித்துப் பண்ணவேண்டும். அதற்கு மனசில்லை என்றால் பண்ணாமலே இருக்கலாம்.

வெளிநாட்டில் செய்தவர்களைப் பாருங்கள். ஜீப் நிறுவனம் ராங்லரை வைத்து கிளாடியேட்டர் பிக்அப்பை 2018-ல் காட்டியது. நாலு கதவு ராங்லரைவிட வீல்பேஸ் கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் அதிகம். இனியோஸ் கம்பெனியின் கிரெனடியர் ஜீப்பும் அப்படித்தான்; 2023-ல் வந்த அதன் பிக்அப்புக்கு வீல்பேஸை 305 மில்லிமீட்டர் நீட்டினார்கள். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்காமல், கூடிய மட்டும் முன்னால் உட்காரவேண்டும் என்பதற்குத்தான் இந்த நீட்டல். சுசுகி 2019 டோக்கியோ ஆட்டோ சலோனில் ஜிம்னியை பிக்அப் ஆக்கிக் காட்டியது. பார்க்க அழகான பொம்மை. ஆனால் அவ்வளவு குட்டித் தொட்டியில் என் வாடிக்கையாளரின் மூட்டைகளில் பாதிகூட அடங்காது.

நீட்டினால் வேறு ஒன்றை இழக்கவேண்டும். மேட்டில் ஏறி இறங்கும்போது நடுவயிறு தட்டாமல் இருக்க ஒரு கோணம் உண்டு. 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் உள்ள இடைவெளி), 2.4 மீட்டர் வீல்பேஸ் என்றால் அது சுமார் 21 டிகிரி. அதே உயரத்தில் வீல்பேஸை 3 மீட்டர் ஆக்கினால் 17-க்கும் கீழே போய்விடும். பின்னால் தொட்டி நீளும்போது வாலும் தட்டும். ‘ஜீப் போகிற இடமெல்லாம் போகும், லாரி மாதிரி சுமக்கும்’ என்று எந்த சேல்ஸ்மேன் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம் ஸ்பிரிங். இப்போது வரும் ஜீப்களில் பின்னால் காயில், அதாவது சுருள் ஸ்பிரிங். சொகுசு, பள்ளத்தில் சக்கரம் நன்றாக இறங்கிக் கொடுக்கும். பாரம் சுமக்கிற வண்டிகளில் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்தான். கம்பெனி எதை வைத்தாலும் சரி, பாரத்துக்கென்று கணக்குப் போட்டு வைக்கவேண்டும்.

பிரேக்கை யாருமே யோசிப்பதில்லை. நிறைய பிக்அப்களில் பின் அச்சுக்குப் பக்கத்தில் சின்னக் கம்பி ஒன்று ஒரு வால்வோடு சேர்ந்திருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், பின் சக்கரம் லாக் ஆகாமல் இருக்க. அறுத்துக் கட்டிய ஜீப்பில் இதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார்கள். ஒரிஜினல் பிக்அப் வாங்கி, கெத்துக்காக வண்டியை உயர்த்த இரண்டு இன்ச் லிஃப்ட் கிட் போடுகிறவர்களும் இதைக் கெடுக்கிறார்கள். உயரத்தைப் பார்த்து வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். தொட்டியில் அரை டன் இருக்கும்.

சரி, நம் ஊரில் ஒரிஜினலாகக் கிடைப்பது என்ன? சென்னையிலிருந்து எட்டும் தூரத்தில், ஸ்ரீசிட்டியில் செய்யும் இசுசு வி-கிராஸ் 2016 முதல் இருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. இரண்டும் நல்ல வண்டி, இருபது லட்சத்துக்கு மேல். இரண்டுமே 5.2 மீட்டருக்கும் அதிக நீளம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடம் 2.5-க்கு 5 மீட்டர். மூக்கோ வாலோ பக்கத்து வீட்டுக்காரர் வழியில்தான் நிற்கும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் நம்பர் பிளேட் தினமும் வரும். நாலு மீட்டருக்குள் முடிகிற மஹிந்திரா தார் மாதிரி வண்டிக்கும் இவற்றுக்கும் நடுவே ஒரு ஜீப்-பிக்அப்புக்கு இடம் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அதுவரை அறுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் தப்பிக்கலாம். ஆக்சிடென்ட் ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் ஆர்.சி.யைத்தான் கேட்பார்.

இதையெல்லாம் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் அந்தத் துருக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது புண்ணாக்கு வாடகைக் குட்டி யானையில் போகிறது. ஜீப் இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது. நீட்டிய சேனலை எடுத்தாயிற்று. விரிசல் விட்ட சேஸிஸை ஒட்டித் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். மாற்று சேஸிஸுக்குக் கம்பெனியில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அறுத்தெறிந்த பின்பாதிக் கூண்டுக்குப் பதில் ஒன்று கிடைக்குமா என்று, பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் நாலு கடையில் சொல்லி வைத்திருக்கிறோம்.