மரம் பாடக் கூடாது

நேற்று ஒருவர், ஹார்ன் ஸ்பீக்கரின் பின்னால் மாட்டி ஒலியை உண்டாக்கும் கம்ப்ரஷன் டிரைவர் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன், உள்ளே கலகலவென்றது. திறந்தால், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய டைட்டானியம் தகடான டயாஃப்ரம் விளிம்போடு கிழிந்து நாலைந்து துண்டாகக் கிடக்கிறது. "சும்மா ரெண்டு நிமிஷம் டெஸ்ட் பண்ணேன் சார், சத்தம்கூட அதிகமா வைக்கல" என்றார். இந்த வருஷம் இந்த வசனத்தைக் கேட்பது ஆறாவது தடவை.

பாஸ் என்கிற தாழ்ந்த ஒலியைப் பிரித்து நிறுத்தும் கிராஸ்ஓவர் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கிறார். பாஸ் முழுக்க உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டாம், குலுக்கினாலே கேட்கிறது.

சரி, டயாஃப்ரம் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு எரிச்சல் வந்தது கூடவே கொண்டுவந்த ஹார்னை, அதாவது டிரைவரின் முன்னால் மாட்டும் புனல் போன்ற குழலைப் பார்த்துத்தான். ஆறு மில்லிமீட்டர் தேக்குச் சட்டங்களைப் பீப்பாய் போல ஒட்டி, கண்ணாடியாக வார்னிஷ் அடித்திருந்தார். வேலைப்பாட்டில் குறையே இல்லை. ஏன் இவ்வளவு மெல்லிசு என்றேன். "வீணை மாதிரி மரமும் சேர்ந்து பாடணும்ல சார்?"

பாடக் கூடாது. வீணைக்கும் வயலினுக்கும் மரம் அதிர வேண்டும், ஏனென்றால் அங்கே மரம்தான் தந்தியின் அதிர்வைக் காற்றுக்குக் கொடுக்கிறது. ஹார்னில் மரத்துக்கு அந்த வேலையே கிடையாது. தூரத்தில் போகிறவரைக் கூப்பிடும்போது இரண்டு கையையும் வாயருகே குவிக்கிறோம், குரல் கூடுகிறது. உள்ளங்கையா பாடுகிறது? கைக்கு நடுவே இருக்கும் காற்றின் வடிவம் செய்கிற வேலை அது. ஹார்னும் அதேதான். கான்கிரீட்டில் வார்த்த பாஸ் ஹார்ன்கள்கூட உண்டு. கான்கிரீட் எந்த ராகம் பாடும்? பாட்டில் இருக்க வேண்டிய இசை ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. அதன்மேல் மரம் தன் பங்குக்கு ஒரு சுருதி சேர்த்தால், எல்லாப் பாடகரும் ஒரே மாதிரி மூக்கால் பாடுவார்கள். மெல்லிய உலோகத்தைவிட மரம் நல்லது என்று ஹார்ன் செய்கிற நாங்கள் சொல்வதே, தடிமனாகச் செய்ய வசதி, அதிர்வும் சீக்கிரம் அடங்கும் என்பதால்தான்.

அவர் ஹார்னை விரல் கணுவால் தட்டினேன். 'டங்' என்று இழுத்தது. 'தொப்' என்று செத்த சத்தம் வர வேண்டும். பிளைவுட் வளையங்களை அடுக்கி ஒட்டி லேத்தில் கடைந்தால் அது சுலபமாக வரும்.

டிரைவர் மாட்டுகிற குறுகிய முனையான தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். டிரைவரின் வாய் 25 மில்லிமீட்டர், இவர் துளை 28. சுற்றிலும் ஒரு படி. மரத்தின் ஜாதியை மூன்று மாதம் தேடியவருக்கு இந்தப் படியைப் புட்டி வைத்து உப்புத்தாளால் சரிபண்ண அரை நாள் கிடைக்கவில்லை.

அப்புறம், அளவு. 300 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமென்றால், ஹார்னின் வட்ட வாய்க்கு ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் விட்டம். 50 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டு மீட்டரைத் தாண்டும். 1940களில் அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ் அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாக்கியது இந்தத் தொல்லைக்காகத்தான். மேசைமேல் வைக்கிற ஹார்னில் முழு பாஸ் கேட்காதீர்கள்.

டிரைவரோடு வரிசையில், பாஸைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டர் போடாமல் ஒயரைத் தொடாதீர்கள். 8 ஓம் டிரைவருக்கு 20 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். பிளஸ், மைனஸ் பார்த்து மாட்டும் சாதாரண எலக்ட்ரோலிடிக் வேண்டாம், ஃபிலிம் வகை வாங்குங்கள். இது காவலுக்கு மட்டும், கிராஸ்ஓவரைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

டெஸ்ட் பண்ணும்போது ஹார்னுக்குள் தலையை நீட்டாதீர்கள். ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி 105 டெசிபல் தரும் சாமான் இது. அந்தச் சத்தத்தில் காது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்கூடப் பத்திரமாக இருக்காது.

மாஸ்க் போடுங்கள், தயவுசெய்து. துண்டை மூக்கில் கட்டுவது மாஸ்க் ஆகாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்தாயிற்று. எம்.டி.எஃப். என்கிற மரநார்ப் பலகையை அறுப்பவர்களுக்குப் பசையிலிருக்கும் ஃபார்மால்டிஹைடும் கூடுதல்.

தேக்கு ஹார்னைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. வெளிப்புறம் முழுக்க மணலும் எபாக்ஸிப் பசையும் கலந்து இரண்டு விரல் கனத்துக்குப் பூசச் சொல்லியிருக்கிறேன். "வார்னிஷ் மறைஞ்சிடுமே சார்" என்றார். மறையட்டும். புது டயாஃப்ரம் வந்து சேர்வதற்குள் அது காய்ந்துவிடும்.