தராசின் எண் யார் பக்கம் பார்க்கிறது?

டிஜிட்டல் தராசு வந்த மூன்றாம் நாள், பகல் நிறுவைக்கு வந்த பெண்கள் தேயிலைக் கொழுந்துச் சாக்குகளை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் வாசலில் இறக்கிவிட்டு அப்படியே நின்றார்கள். கூச்சல் இல்லை, சண்டை இல்லை. “இதில் நிறுக்க வேண்டாம்” என்று முன்னால் நின்ற அம்மா சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற வரிசையும் அசையவில்லை. கட்டி வைத்த கொழுந்து நேரம் போகப் போக உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். லொறி காத்துக்கொண்டிருந்தது. நிறுவையைப் பதியும் மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்தத் தராசைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது.

இலங்கையின் பெருந்தோட்டத் துறையில் மனிதவளப் பயிற்சிப் பணியில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். டிக்கோயா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, பதுளைப் பக்கம் என்று பல தோட்டங்களில் வேலைநாளும் சம்பளமும் பதியும் செக்ரோல் கணினிக்கு மாறியபோதும், இரண்டு தொழிற்சாலைகள் ஒன்றாக்கப்பட்டபோதும் கூட இருந்திருக்கிறேன். ஆனால் ஒரு குழுவை மாற்றத்தினூடே நடத்திச் செல்வது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுத்தந்தது அந்த மடுவத்து வாசல்தான்.

தராசு வருவதற்கு முதல் நாள், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் இருபது நிமிடம் பேசியிருந்தேன். பழைய வட்டத் தராசில் கிலோவுக்கு மேல் நிற்கும் கிராம்கள் கணக்கில் விழுவதில்லை, புதியதில் அவையும் சேரும் என்றேன். பெயர் பதிவதில் தவறு வராது, சம்பளச் சீட்டில் ஒவ்வொரு நிறுவையும் தெரியும் என்றேன். நான் சொன்னவற்றில் பொய் எதுவும் இருக்கவில்லை. எல்லாம் அவர்களுக்கு நன்மையானவை. பிறகு ஏன் மறுத்தார்கள்?

அன்று பழைய தராசிலேயே நிறுத்துக் கொழுந்தை அனுப்பிவிட்டு, மாலையில் அந்த அம்மா குடியிருக்கும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்குப் போனேன். வெறுந்தேநீர் தந்தார். முப்பது வருடம் கொழுந்து எடுத்த கை. அவர் சொன்னதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

“மிஸ், முன்பு முள் எங்கே நிற்கிறது என்று நானே பார்ப்பேன். ஐயா சத்தமாக எண்ணைச் சொல்வார். எனக்குப் பின்னால் நிற்கிறவளும் கேட்பாள். இப்போது எண் அவர் பக்கம் மட்டும்தான் தெரிகிறது. பேச்சே இல்லை. சீட்டு ஒன்று வருகிறது, அதுவும் இங்கிலீஷில். என் கொழுந்துக்குச் சாட்சி எங்கே?”

அந்தத் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பெயர், அதாவது முழு நாள் சம்பளம். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போடுவார்கள். ஒரு கிலோ இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் ஒரு நாள் சம்பளமே நிற்கிறது. அந்த எண்ணை உரக்கச் சொல்வது வெறும் வழக்கமன்று. எழுத்து வாசிக்காதவருக்கும் கிடைத்திருந்த ஒரே கணக்காய்வு. கிராம் சேரும் என்று நான் மகிழ்ச்சியோடு அறிவித்த மறுநாளே அந்தக் கணக்காய்வை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. தராசு வாங்கிய கம்பனி அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. மடுவத்தில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி செய்ய எட்டு நாள் போனது. தராசில் இரண்டாவது திரை ஒன்று, நிறுக்க வருபவரின் பக்கம் பார்த்தபடி பொருத்தினோம். எண்ணைப் பழையபடி உரக்கச் சொல்வது என்று கணக்கப்பிள்ளையோடு முடிவு செய்தோம். சீட்டைத் தமிழில் அச்சிட்டோம். ஒன்பதாம் நாள் அதே அம்மாதான் முதலில் சாக்கைத் தூக்கி வைத்தார்.

அதன் பிறகு எந்த மாற்றத்தைத் தொடங்கினாலும் முதலில் நான் எழுதுவது இழப்புப் பட்டியல்தான். இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை நிர்வாகம் ஏற்கெனவே அழகாக எழுதி வைத்திருக்கும். யார் எதை இழக்கிறார் என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. அதைக் குழுவில் உள்ளவர்களிடமே கேட்டுத்தான் எழுத முடியும். பணம் மட்டுமே இழப்பாக இருப்பதில்லை. ஒருவருக்கு அது மரியாதை, இன்னொருவருக்கு வேலைக்கு நடுவே கிடைத்த பேச்சுத்துணை, வேறொருவருக்குக் குழந்தையை விட்டுவரும் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து மலையில் வேலை கிடைத்துக்கொண்டிருந்த வசதி.

இது என் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜோன் பிரெஞ்ச் என்ற இருவர் செய்த ஆய்வு 1948 இல் வெளிவந்தது. இஸ்திரி போடும் பெண்கள் அதுவரை துணியைத் தட்டையான அட்டை மீது அடுக்கி வந்தார்கள். இனிமேல் பெட்டியில் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். இதை அறிவிப்பாக மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாட்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள், இருந்தவர்களின் உற்பத்தியும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. தங்கள் வேலைமுறை மாற்றத்தைத் திட்டமிடுவதில் தாங்களே கலந்துகொண்ட குழுக்களிலிருந்து அந்த 40 நாட்களில் ஒருவரும் போகவில்லை. உற்பத்தி விரைவில் மீண்டு, பழைய அளவையும் தாண்டியது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது. இரண்டரை மாதம் கழித்து, அறிவிப்பை மட்டும் கேட்டு முரண்டு பிடித்த குழுவில் மிஞ்சியிருந்தவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்து, இந்த முறை அவர்களையும் கலந்து பேசி வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். அவர்களும் வேகமாக முன்னேறினார்கள். அதே பெண்கள், அதே கைகள். மாறியது அவர்களை நடத்திய விதம் மட்டுமே.

ஆகவே “எங்கள் ஆட்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள்” என்று கூட்டங்களில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மலையக மக்களை விட அதிக மாற்றத்தைத் தாங்கியவர்கள் இந்த நாட்டில் யார்? இலைநோய் வந்து கோப்பி அழிந்தபோது அதே கைகள்தாம் தேயிலையை நட்டன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. 2021 இல் இரசாயன உரம் ஒரே அறிவிப்பில் நின்றது. கொழுந்து குறைந்தபோது பெயரும் குறைந்தது. இவற்றில் எதற்கு முன்பும் யாராவது லயத்து வாசலுக்கு வந்து, உங்கள் நினைப்பு என்ன என்று கேட்டிருப்பார்களா?

தராசுக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். அந்தக் கணக்கப்பிள்ளை. ஐம்பதைத் தாண்டியவர். எந்த மலையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை கொழுந்து வரும், யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தராசின் பொத்தான்களை அவருக்குச் சொல்லிக்கொடுக்க, கணினி தெரிந்த இளம் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பியிருந்தேன். அந்தத் தம்பி நல்லவர், பொறுமையானவர். ஆனால் சொல்லிக்கொடுத்தது மடுவத்தில், வரிசை நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்தத் தம்பி “ஐயா, அதை அழுத்தக் கூடாது” என்று இரண்டு தடவை சொன்னாராம். எண்ணை உரக்கச் சொல்வதைக் கணக்கப்பிள்ளை ஏன் நிறுத்தினார் என்பது பிறகுதான் விளங்கியது. திரையில் தெரிவதைச் சரியாக வாசிக்கிறோமா என்ற பயம். எல்லார் முன்னிலும் தவறாகச் சொல்லிவிடுவதை விட மௌனம் பாதுகாப்பானது என்று நினைத்திருக்கிறார்.

அந்த மௌனத்தைத்தான் பெண்கள் களவு என்று படித்துக்கொண்டார்கள்.

நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் நடுவில் நிற்பவர் கணக்கப்பிள்ளை. மேலிருந்து வரும் ஒவ்வொரு மாற்றமும் அவருடைய வாயால்தான் கீழே போக வேண்டும். கீழிருந்து வரும் ஒவ்வொரு கேள்வியும் முதலில் அவருடைய முகத்தில்தான் வந்து விழும். வங்கியிலும் பாடசாலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் அந்த இடத்தில் நிற்பவருக்கு வேறு பெயர் இருக்கும், நிலை இதுதான். இப்போது நான் முதலில் உட்காருவது இவர்களோடுதான். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முழு நாள். புதிய கருவியை அவர்கள் தனிமையில் பிழைவிட்டுப் பழகட்டும். “உங்களிடம் என்னவெல்லாம் கேட்பார்கள்?” என்று நான் கேட்பேன், அவர்கள் சொல்லும் கேள்விகளுக்கு நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குவேன். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கும் தலைவிக்கும் பெரட்டுக்கு முன்பே சொல்லிவிடுவேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெரட்டு. இல்லாவிட்டால் செய்தி பெரட்டுக்கு முன்பே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய், ஹட்டன் பஸ்ஸில் ஏறி, உருமாறித் திரும்பி வரும்.

காலத்தைத் தெரிவு செய்வதும் ஒரு வேலை. கொழுந்து பெருகும் ஏப்ரல், மே மாதங்களில் புதிய முறை எதையும் தொடங்காதீர்கள். தீபாவளி முற்பணம் பற்றிய பேச்சு நடக்கும் வாரங்களிலும் வேண்டாம். முதல் சில வாரங்களில் வேலை மந்தமாகும். அதை முகாமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே மேலிருந்து நெருக்கம் வரும். அந்த நெருக்கம் நேரே குழுவின் தலையில் இறங்கும்.

இப்போது என் முன் இருக்கும் மாற்றம் தராசை விடப் பெரியது. தோட்டத்தின் ஒரு பகுதியைத் துண்டுகளாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனி விலைக்கு வாங்கும் வெளியுற்பத்தியாளர் முறை. நாட்சம்பளத்தை விடக் கூடுதலாக உழைக்கலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. செடி நல்ல நிலையில் இருந்தால், உழைக்கக் கூடிய கைகள் வீட்டில் இருந்தால், அது நடக்கக் கூடியதே. ஆனால் இதற்குப் படிவத்தில் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் முதல் கூட்டத்தில் பாதிப் பேரின் முகம் மாறியது. வெளியூர் ஆலோசகர் ஒருவர் அதை அறியாமை என்றார். நான் மறுத்தேன். 1948 இன் குடியுரிமைச் சட்டம் இவர்களின் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் விண்ணப்பத் தாள்களின் பேரில் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்தன. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தத் தாள்களின் நிழல் முழுதாக விலகவில்லை. தாளைக் கண்டு தயங்குவது இங்கே அனுபவம் தந்த அறிவு. குழுவை நடத்துபவர் அந்த நினைவுக்கு மரியாதை கொடுத்துத்தான் படிவத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஆகவே இந்த முறை படிவத்தைக் கொண்டுபோகவில்லை. மடுவத்துச் சுவரில் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, வருகிற கேள்விகளையெல்லாம் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். எழுத முடியாதவர் சொல்லச் சொல்ல, கணக்கப்பிள்ளை எழுதிவிட்டு உரக்க வாசித்துக் காட்டுகிறார். பதில் வந்ததும் பக்கத்தில் பதிலும் திகதியும் ஏறும். இதுவரை 23 கேள்விகள். உரத்துக்கு யார் பணம் கொடுப்பது, மருந்து தெளிக்க ஆள் யார் தருவது, விலையை எந்த நாளில் சொல்வார்கள், பிடிக்காவிட்டால் நாட்சம்பளத்துக்குத் திரும்பலாமா என்பவை உட்பட 20 கேள்விகளுக்குப் பதில் ஏறிவிட்டது.

மூன்று இன்னும் வெறுமையாக இருக்கின்றன. சேமலாப நிதிக்குக் காசு தொடர்ந்து போகுமா? வீட்டில் உழைக்கிறவர் படுத்துவிட்டால் துண்டை என்ன செய்வீர்கள்? துண்டைத் திருப்பிக் கொடுத்தால் லயத்து வீட்டில் இருக்க விடுவீர்களா?

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் தன் பெயரையும் எழுதச் சொன்னார். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை படிவத்தை மேசைக்கு எடுப்பதில்லை என்று முகாமையாளரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டோம், எல்லாரும் பார்க்கும் பக்கத்தில்.