கவுன்சில் வாங்கிய கட்டடம், விற்ற கட்டடம்: கணக்கைத் திறந்து பார்க்க 30 வேலைநாள்

தெற்கு லண்டனில் உள்ள குராய்டனின் உள்ளாட்சி மன்றமான குராய்டன் கவுன்சில் 2018-ல் குராய்டன் பார்க் ஓட்டலை ஏறத்தாழ 2.98 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. ஓட்டலை நடத்திய நிறுவனம் 2020-ல் நொடித்துப்போனது. பிறகு கவுன்சில் அதை 2.49 கோடிக்கு விற்றது. கடைச் சந்தையையும் பொழுதுபோக்குச் சந்தையையும் சரிவரப் புரிந்துகொள்ளாமல் போட்ட முதலீடு என்று வெளித் தணிக்கையாளர் 2020 அக்டோபரிலேயே எழுதிவிட்டார். 2023-ல் அங்கே வீடுகள் கட்டும் கவுன்சில் வரி ஏறத்தாழ 15 சதவீதம் ஏறியது. அந்த வரியைக் கட்டுகிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய.

இப்படிப்பட்ட கொள்முதலின் தாள்களை நேரில் பார்க்க இங்கிலாந்தில் சட்டப்படி வழி இருக்கிறது. உள்ளூர் தணிக்கை மற்றும் பொறுப்புடைமைச் சட்டம் 2014, பிரிவு 26. ஒவ்வோர் ஆண்டும் வரைவுக் கணக்கு வெளியானதும் 30 வேலைநாள் கவுன்சில் தன் ஏடுகளைத் திறந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் கோடையில் வரும். தேதி கவுன்சில் இணையதளத்தில் அறிவிப்பாக வெளியாகும். யாரும் உங்களுக்குக் கடிதம் போடமாட்டார்கள். ஒப்பந்தம், பத்திரம், பில், ரசீது எல்லாவற்றையும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். அந்த நிதியாண்டின் தாள்கள் மட்டும்தான். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால், 2025 மார்ச்சில் முடிந்த கொள்முதலை 2024-25 கணக்கு திறந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது கேள்வியில்தான். “ஏன் வாங்கினீர்கள்?” என்று கேட்டால் இரண்டு பத்தியில் விளக்கம் வரும், தாள் வராது. தாளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: வாங்குமுன் செய்த ‘ரெட் புக்’ (சொத்து மதிப்பீட்டாளர்களின் தரவிதி நூல்) முறை மதிப்பீட்டு அறிக்கை, விற்பனை ஒப்பந்தம், குத்தகை ஒப்பந்தங்கள், தரகருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்த பில்கள், கடன் வாங்கிய தாள். குத்தகையில் முதலில் பார்க்க வேண்டியது, வாடகைதாரர் இடையில் வெளியேறலாம் என்ற நிபந்தனை எந்தத் தேதியில் வருகிறது என்பது. 15 ஆண்டுக் குத்தகை என்று கூட்டத்தில் சொல்லியிருப்பார்கள்; 5-ஆம் ஆண்டில் வெளியேறும் உரிமை இருந்தால் உறுதியான வருமானம் 5 ஆண்டுக்குத்தான்.

விலையையும் முழுசாகக் கூட்டுங்கள். 3 கோடி பவுண்டு கட்டடத்துக்கு முத்திரை வரி மட்டும் சுமார் 14.9 லட்சம் பவுண்டு. அதன்மேல் கட்டணங்கள், பழுது, காலியாகக் கிடக்கும் கடைகளின் செலவு. வாடகையிலிருந்து வட்டியை மட்டும் கழித்து “லாபம்” காட்டும் அறிக்கையை நம்பவேண்டாம். அசலை அடைக்க ஆண்டுதோறும் ஒதுக்கவேண்டிய தொகையையும் கழித்த பிறகே கணக்கு. வோக்கிங் கவுன்சில் இந்த ஒதுக்கீட்டைப் போதிய அளவு செய்யாமல் வந்தது. 2023 ஜூனில் 114-ஆம் பிரிவு அறிவிப்பு, அதாவது வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்ற கை விரிப்பு.

“வணிக ரகசியம்” என்று மறுப்பார்கள். அது முழுத் தடை இல்லை. வெளியிட்டால் உண்மையிலேயே பாதிப்பு உண்டா, அதைவிடப் பொதுநலன் பெரிதா என்று அவர்கள் எடைபோட்டே ஆகவேண்டும். பேரம் முடிந்து பத்திரமும் பதிவானபின் அந்தக் காரணம் வலுவிழக்கும். மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். 30 நாள் தவறிப்போனால் தகவல் அறியும் சட்டம் 2000 இருக்கிறது. பதிலுக்கு 20 வேலைநாள். மறுத்தால் உள் மறுஆய்வு, அதன்பின் தகவல் ஆணையர். இது மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

விலையைச் சரிபார்க்க அரசின் நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டி உரிமைப் பதிவின் நகல் எடுக்கலாம். ஆனால் ஷ்ராப்ஷயர் கவுன்சில் 2018-ல் ஷ்ரூஸ்பரியின் கடை வளாகங்களை ஜெர்சி தீவு அறக்கட்டளை யூனிட்டுகள் வழியாக, அதாவது கட்டடத்தை வைத்திருக்கும் அறக்கட்டளையின் பங்குகளாக, வாங்கியது. அப்படிக் கைமாறும்போது நிலப் பதிவில் புது விலை ஏறாமல் போகலாம். அங்கே கவுன்சில் கணக்கில்தான் தேடவேண்டும்.

விற்பனைக்கு 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. நிலத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலையைக் கவுன்சில் பெறவேண்டும். 7 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் இதில் சேரும். ஊர் நலனுக்காகக் குறைத்து விற்கலாம், ஆனால் குறைவு 20 லட்சம் பவுண்டைத் தாண்டினால் அமைச்சரின் அனுமதி தேவை. எனவே கேட்கவேண்டியவை: விற்குமுன் சுயேச்சையான மதிப்பீடு எடுத்தார்களா, அதன் தேதி என்ன, சந்தையில் விளம்பரம் செய்தார்களா, வந்த மற்ற விலைகள் எவை. ஒன்றரை ஆண்டுப் பழைய மதிப்பீட்டைக் காட்டி விற்றிருந்தால் அங்கேயே கேள்வி கிளம்பும்.

தாள் தப்பாகத் தெரிந்தால் தணிக்கையாளரிடம் 27-ஆம் பிரிவின்படி ஆட்சேபம் எழுதலாம். இதுவும் அதே 30 நாளுக்குள். நகலைக் கவுன்சிலுக்கும் அனுப்பவேண்டும். எந்தத் தொகை, எந்தச் சட்டத்துக்கு முரண், என்ன சான்று என்று குறிப்பாக எழுதவேண்டும். பார்வையிட அந்தப் பகுதியில் வரி கட்டுபவராக இருந்தால் போதும், ஆட்சேபிக்க மட்டும் உள்ளூர் வாக்காளராக இருக்கவேண்டும். இங்கே நம்மவர்கள் பலர் தவறாக நினைக்கிறார்கள்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. அங்கே முறையான விசாவில் வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் சேரலாம். பெயர் இல்லையென்றால் முதல் வேலை அதுதான், கணக்கு திறக்கும் மாதத்துக்கு முன்பே.