"நல்ல செய்தி பாஸ்டர்" என்பதை நம்பாதீர்கள்

போதகர்களுக்குப் பிரசங்கப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு இல்லை, பத்து, இருபது வருடம் பிரசங்க பீடத்தில் நின்று பழகியவர்களுக்கு. சபை அனுப்பியதே என்று வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இறையியல் மாணவருக்காவது ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார், அனுபவசாலியை யார் திருத்துவது? ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது "நல்ல செய்தி பாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தூங்கியவரும் அதையேதான் சொல்கிறார்.

அதனால் முதல் நாள் நான் எதையும் போதிப்பதில்லை. போன வாரப் பிரசங்கத்தின் ஒலிப்பதிவில் நடுவிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்து, பேசியதைப் பேசியபடியே, இழுவை, தடுமாற்றம் எல்லாம் சேர்த்து எழுதச் சொல்வேன். அரை நாள் ஆகும், எரிச்சலும் வரும். ஒருவர் எழுதி முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தார், பத்து நிமிடத்தில் முப்பத்தொரு "பிரியமானவர்களே". வீட்டுக்குப் போன் செய்து சொன்னால், மனைவி சிரிக்கிறார்: "நான் பல வருஷமா எண்ணிட்டு இருக்கேன்." எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சின்ன விஷயம். தாளை மறுபடி பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தொடக்கத்தில் வாசித்த வேதபகுதி அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை, வந்ததெல்லாம் அவருடைய பழக்கப்பட்ட கருத்துகள். பகுதி எதுவானாலும் அவரிடம் இருப்பது நாலைந்து பிரசங்கங்கள்தான், அவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவரேதான்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை சொல்லும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வருடப்பிறப்பு வாக்குத்தத்தமாக அதைச் சொல்லாத போதகர் அபூர்வம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம், அதற்கு முந்தின வசனமே அந்தச் சிறையிருப்பு எழுபது வருடம் என்கிறது, அதற்கும் முன்னால் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று வருகிறது. அதாவது அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பப் போவதில்லை. தேர்வில் கேட்டால் எந்தப் போதகரும் இதை அழகாக எழுதிவிடுவார். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு, அந்த வாரத்தில் இரண்டு அடக்க ஆராதனை, ஒரு குடும்பச் சண்டை எல்லாம் முடித்துவிட்டு உட்காரும்போதுதான் மறந்துபோகிறது. அதனால் செவ்வாய்க்கிழமையே வேதபகுதியை வாசித்துவிட்டு மனதில் ஊறப்போடும் பழக்கத்தை ஏற்படுத்துவதற்கே மேல்நிலைப் பயிற்சியில் பெரும்பகுதி நேரம் போகிறது. கை அசைப்பதும் குரல் ஏற்றுவதும் அப்புறம்தான்.

"ஆவியானவர் பேசுவார், இதற்கெல்லாம் எதற்குப் பயிற்சி?" என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும். பழைய கேள்விதான். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டின், ஊழியத்துக்கு முன் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்தவர், வேதத்தை விளக்குவது பற்றிய தம் நூலின் முன்னுரையிலேயே இந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்த விவரம், அந்த நூலை கி.பி. 396 வாக்கில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவர், பிரசங்கம் பற்றிய நான்காம் பாகத்தை 426 வாக்கில்தான் எழுதி முடித்தார். முப்பது வருடத்துக்கும் மேல் பிரசங்கித்த பிறகு, கற்பிப்பது, மனம் கவர்வது, மனதை அசைத்துச் செயல்பட வைப்பது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ பிரித்து வைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தபோது நீளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அப்போஸ்தலர் பவுல் என்பதையும் அவ்வப்போது நினைவுபடுத்துவேன். (நீளம் பற்றிய விவாதம் அதோடு முடிந்துவிடும்.)

கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்களிடம் அழுதுகொண்டு வந்து சொன்ன ஒருவருடைய கதையை உதாரணமாக எடுத்துப் பேசாதீர்கள். "ஒரு சகோதரி, பெயர் வேண்டாம்" என்று ஆரம்பித்தாலும் நூறு பேர் உள்ள சபையில் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது அது நேரலையிலும் போகிறது. அப்படி ஒரு பிரசங்கத்தைப் பயிற்சியில் போட்டுக் கேட்டோம். பேசியவருக்கு அது தவறாகவே படவில்லை, மனமுருகப் பேசியதாகத்தான் நினைத்திருந்தார். அந்தக் குடும்பம் ஏன் சபைக்கு வருவதை நிறுத்தியது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

தொண்டை பற்றியும் ஒரு வார்த்தை. மைக் இருந்தும் கத்துகிறவர்களுக்குக் குரல் நாண்களில் முடிச்சு விழலாம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், மிட்டாய் சப்பிக்கொண்டே ஓட்டாதீர்கள்.

எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே நீங்கள் எத்தனை தடவை பிரசங்கிப்பீர்கள், அதை எத்தனை பேர் உட்கார்ந்து விமர்சிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். அறுபது பேரை உட்காரவைத்து மூன்று நாள் சொற்பொழிவு ஆற்றிச் சான்றிதழ் கொடுப்பது பயிற்சி இல்லை, மாநாடு. ஆறேழு பேர் கொண்ட குழு, வருடத்தில் சில தடவை கூடுவது, நடுவில் அவரவர் சபையிலிருந்தே நாலைந்து விசுவாசிகள் எழுதிக் கொடுக்கும் கருத்து, இவை இருந்தால் யோசிக்காமல் சேரலாம். டி.மின் (ஊழியத்துக்கான முனைவர் பட்டம்) போன்ற பட்டப்படிப்பில் பிரசங்கத்தைப் பாடமாக எடுப்பதும் நல்லதுதான், ஆனால் அது ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களுக்கானது, வேலையை விடாமல் படிக்க வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வரும்போது போன ஞாயிற்றுக்கிழமையின் ஒலிப்பதிவு மட்டும் போதும். ஒருவர் எட்டு மாதத்துக்கு முந்திய பிரசங்கத்தைக் கொண்டுவந்தார், அது நன்றாக அமைந்த ஒன்றாம். கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் போன வாரத்தினதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "இதை நான் இல்லாதபோது போட்டுக் கேளுங்களேன்" என்றார்.