பேனின் பிடி

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் பேன் பார்ப்பதுதான் வேலை. திண்ணையில் விரித்த வெள்ளைத் துண்டு, ஒரு பேன்சீப்பு, அப்புறம் நடுவில் பிளவு விட்ட சின்ன மரத்துண்டு. அதற்கு ஈர்வலி, ஈருளி என்று ஊருக்கு ஒரு பெயர். "தலைய ஆட்டாம உக்காரு அம்மிணி. ஒன்னு தாவி வந்துச்சுனா ஊட்டுல இருக்கற அத்தன தலைக்கும் ஏறிப்போடும்" என்பார். அவர் சொன்னதில் ஒரே ஒரு தப்புதான். பேன் தாவாது.

தாவுகிற கால் அதற்கு இல்லை, இறக்கையும் இல்லை. இருக்கும் ஆறு கால்களும் பிடிப்பதற்கென்றே ஆனவை. ஒவ்வொரு கால் நுனியிலும் கொக்கி போல ஒரு நகம், அதற்கு எதிரே கட்டைவிரல் மாதிரி ஒரு புடைப்பு. நகம் மடங்கிப் புடைப்பைத் தொடும்போது நடுவில் ஒரு தலைமுடிக்குத்தான் இடம் இருக்கும். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்துப் பெரிதாக வரைந்த பேனும் ஒரு முடியைப் பிடித்தபடிதான் இருக்கிறது. நல்ல படம், பார்த்தால் நமக்கே தலை அரிக்கும்.

இந்தப் பிடிதான் பேனின் மொத்தப் பிழைப்பும். பெரும்பாலும் இரண்டு தலைகள் ஒட்டி இருக்கும்போதுதான் முடிவிட்டு முடிக்கு நடந்து போகிறது. கீழே விழுந்தால் ஓரிரு நாளில் இரத்தம் கிடைக்காமல் செத்துவிடும். சீயக்காய் போட்டுக் குளித்தால் போகாதா என்றால், போகாது. மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் மணிக்கணக்கில் முடியைப் பிடித்தபடி கிடக்கும்.

முட்டைக்கும் ஒரு பிடி உண்டு. பெண்பேன் நாளுக்கு ஆறிலிருந்து எட்டு ஈர் வைக்கும், அதுவும் சூடு கிடைக்கும்படி மண்டைத்தோலுக்குப் பக்கத்திலேயே. ஈரை முடியோடு ஒட்டும் பசை ஒரு புரதம். அதைக் கரைக்கும் மருந்து தேடினால் முடியையும் சேர்த்துக் கரைத்துவிடும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் முடியும் புரதம்தான். அதனால்தான் இன்றுவரை ஈரை உருவித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முடியாகப் பிளவில் கொடுத்து அம்மிச்சி இழுத்தது இதற்குத்தான்.

'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது' என்று சொல்வோமே, அந்த முதல் பாதிக்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க இன்னும் ஒன்பது, பத்து நாள். இந்த இடைவெளியில்தான் நமக்கு வழி இருக்கிறது. ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, பற்களுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இல்லாத சீப்பால் 1, 5, 9, 13ஆம் நாட்களில் வாரச் சொல்கிறார்கள். முதல் நாள் தப்பிய ஈர்கள் பொரிந்தாலும், குஞ்சுகள் ஈர் வைக்கும் வயதை எட்டுவதற்குள் சீப்பில் மாட்டிவிடும். ஒரே நாளில் விடிய விடிய வாருவதைவிட இது மேல்.

அரித்தால்தானே தெரியும் என்று இருக்கவும் முடியாது. அரிப்பு பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதல்முறை பேன் ஏறியவருக்கு அது தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பெர்மெத்ரின் என்ற பேன் மருந்துக்கு அசையாத பேன்களும் இப்போது பல நாடுகளில் பெருகிவிட்டன. அதற்காகத் தோட்டத்துப் பூச்சிமருந்தைத் தலையில் தேய்ப்பதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். முதலாவது தோல் வழியாக உள்ளே போகும் விஷம், இரண்டாவது பற்றி எரியும்.

திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய பேன் ஒன்றும் உண்டு. தலைப்பேனின் பங்காளியான உடற்பேன் நம் உடம்பில் குடியிருப்பதில்லை. துணியின் தையலுக்குள் இருந்துகொண்டு சாப்பிட மட்டும் தோலுக்கு வரும். அப்படியானால் துணி வந்த பிறகுதானே அது பிரிந்திருக்க வேண்டும்? மரபணுவை வைத்து மார்க் ஸ்டோன்கிங் குழு 2003இல் அந்தக் காலத்தைச் சுமார் 72,000 ஆண்டுக்கு முன் என்று கணக்கிட்டது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வு அதை 1,70,000 ஆண்டு வரை பின்னுக்குக் கொண்டுபோனது. துணி மக்கிப்போகும், பேன் சாட்சி சொல்கிறது. தொற்று பரப்புவதில் பேர்போனதும் இந்த உடற்பேன்தான். கொள்ளைநோயாகப் பரவும் டைஃபஸ் காய்ச்சல் (டைபாய்டு வேறு) அதன் வழியாகவே பரவுகிறது என்று 1909இல் துனிஸ் நகரில் காட்டிய சார்லஸ் நிகோலுக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இனி கோழிப்பேனைப் பார்ப்போம். கோழி மேல் கிடக்கும் எல்லாப் பூச்சியையும் எங்கள் பக்கம் செள்ளு என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். கோழிப்பேன் வேறு வகை. அதற்குக் கடிக்கும் வாய், இறகையும் தோல் செதிலையும் மெல்லும். நம் மேல் ஊர்ந்தாலும் இங்கே குடும்பம் நடத்த முடியாது. மாட்டுப்பேனும் எருமைப்பேனும்கூட அப்படித்தான், நம்மிடம் பிழைக்காது.

கோழிக்குச் சீப்பு அதன் அலகு. பல பறவைகளின் மேல் அலகு நுனி கீழ் அலகைத் தாண்டிச் சற்று வளைந்து நிற்கும். அமெரிக்க ஆய்வாளர் டேல் கிளேட்டனின் குழு புறாக்களில் அந்த நுனியை மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் தேய்த்துவிட்டுப் பார்த்தது. இரை பொறுக்குவதில் குறையில்லை, ஆனால் பேன் பெருகிவிட்டது. இறகைக் கோதும்போது அந்த நுனிக்கும் கீழ் அலகுக்கும் நடுவில்தான் பேன் நசுங்குகிறது.

இதை நாமக்கல்லோடு சேர்த்துப் பாருங்கள். முட்டைக் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டுவது பண்ணை வழக்கம். அலகு வெட்டிய கோழிகளிடம் பேன் பல மடங்கு அதிகம் என்பதை அமெரிக்க ஆய்வொன்று 2010இல் எண்ணியே காட்டியது. கொத்தலை நிறுத்தப்போய்ச் சீப்பைப் பிடுங்கியிருக்கிறோம். பேனை உதிர்க்கப் புரளலாம் என்றால் கூண்டில் மண்ணும் இல்லை.

அம்மிச்சி என் தலையை வாரும்போது முற்றத்துச் சாம்பல் குழியில் நாட்டுக்கோழி ஒன்று சிறகைப் பரப்பிப் புரண்டுகொண்டிருக்கும். அப்புறம் எழுந்து உதறிவிட்டு, கழுத்தை முறுக்கி வாலடி இறகை ஒவ்வொன்றாகக் கோதும். கோழிப்பேன் ஈர் வைப்பதும் பெரும்பாலும் அந்த இடத்து இறகு அடியில்தான்.